காதருகே குலுக்கிய மிளகாய்

தகரக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரு குக்கரால்தான்.

மகள் ஊரிலிருந்து வந்திருந்த அன்று காலை, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். குக்கர் பதினொரு தடவை கத்தியது. குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்து மகள்தான் அடுப்பை அணைத்தாள். திறந்து பார்த்தால் அடியில் கரி.

"அப்பா, விசில் கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்காம என்ன? இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு விட்டேன்."

"பதினொரு விசிலா? கல்லையா வேக வெச்சீங்க?"

"கேஸ்கட் போயிடுச்சு. இப்ப வர்ற குக்கர் எல்லாமே தண்டம்."

மகள் சும்மா வரவில்லை. அவள் அம்மா கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகியிருந்தது. இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இந்தத் தடவை கருகிய குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

தகரக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? அந்த வீடு அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பத்து வயதில் பிடித்த சுத்தியலை ஐம்பத்தெட்டு வயதில்தான் கீழே வைத்தார். டிரங்குப் பெட்டி, புனல், எண்ணெய் டின், தானிய டின் என்று அவர் கை படாத சாமான் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. வட்டம் வெட்ட அவருக்கு அளவு வேண்டாம். கண்ணால் ஒரு பார்வை, கத்தரியால் ஒரு சுற்று. படித்தவர்கள் காம்பஸ் வைத்து வரைந்தாலும் அந்த மூடி வராது. அவர் செய்த டின்னில் தண்ணீரை நிரப்பி மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வெளியே வராது. கீழ் வீட்டின் சுவர் பெட்டி அடித்தே எழும்பியது, மாடி வீட்டின் கூரை டின் அடித்தே வந்தது. நாற்பத்தெட்டு வருஷம், தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் தகரத்தின் மேல் இரும்பு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "பஞ்சு வேணும்னா மெத்தை தைக்கப் போடா" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் உனக்குத் தனியாக இருக்க வக்கில்லை என்றால் சும்மா இருப்பாரா?

"உனக்கு என்ன, நான் தனியாச் சமாளிப்பேனான்னு தெரியணும், அவ்வளவுதானே?" என்றார். "இந்த வருஷ மிளகாயை நானே வாங்கி, நானே காய வெச்சு, நானே அடைச்சுத் தரேன். ஒரே ஒரு மிளகாய் கெட்டிருந்தாலும் பையைத் தூக்கிக்கிட்டு உன் பின்னாடி வந்துடறேன். கெடலைன்னா இந்தப் பேச்சை நீ இனி எடுக்கக் கூடாது."

மகள் குக்கரை மேடையில் வைத்தாள். "சரி" என்றாள்.

மிளகாயைப் பிடித்து அவர் பந்தயம் கட்டியதற்குக் காரணம் இருந்தது. வருஷா வருஷம் வெயில் காலத்தில் இரண்டு மூட்டை பழுத்த மிளகாய் வாங்கி மொட்டை மாடியில் காய வைத்து, அவர் கையால் செய்த நான்கு டின்களில் அடைப்பார்கள். இரண்டு டின் இங்கே, இரண்டு டின் மகளுக்கு. அள்ளுவது, பரப்புவது, புரட்டுவது எல்லாம் மனைவியின் வேலை. தீர்ப்பு மட்டும் இவருடையது. குவியலின் நடுவிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்த மிளகாய்க்குள் விதை தனியாகக் கழன்றுகொண்டு சலசலவென்று சத்தம் போடும். ஈரம் இருந்தால் விதை சதையோடு ஒட்டிக்கொண்டு ஊமையாக இருக்கும். குலுக்கிப் பார்த்துவிட்டு "அடைக்கலாம்" என்பார். மனைவி "சரிங்க" என்பாள். ஒரு வருஷம்கூட ஒரு மிளகாய் கெட்டதில்லை.

மறு வாரமே சந்தைக்குப் போனார். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு நடுவில் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். சூடு இருந்த மூட்டைகளைத் தள்ளிவிட்டார். மூட்டையின் நடுவில் சூடு ஏறினால் மிளகாய் உள்ளுக்குள் வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் இரண்டு மூட்டை எடுத்து ஆள் வைத்து மாடி ஏற்றினார். அறையில் குவித்துச் சாக்குப் போட்டு மூடி இரண்டு நாள் விட்டார். பச்சை ஓடியிருந்த மிளகாயெல்லாம் ஒரே சிவப்பாக மாறியது. உட்கார்ந்து பொறுக்கினார். கீறல் விழுந்ததும் நசுங்கியதும் தனி. காம்பு கழன்றதும் தனி, அந்த ஓட்டை வழியாகத்தான் கேடு உள்ளே போகும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தார். அப்படியும் விரலெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. மறந்துபோய் ஒரு தடவை கண்ணைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் குழாயடியில் நின்றார்.

வேலை அவருக்குக் கஷ்டமாக இல்லை. தார்ப்பாய்தான் கஷ்டமாக இருந்தது. ராத்திரிப் பனி இறங்குவதற்குள் மொட்டை மாடியில் பரப்பிய மிளகாயைக் குவித்துத் தார்ப்பாயை நான்கு பக்கமும் மடித்து மூட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த முனையைப் பிடித்து இழுத்தால் அந்த முனை சுருண்டுகொள்ளும். இங்கே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு அந்த முனைக்கு நடப்பார், அங்கே ஒன்றை வைத்துவிட்டு இங்கே வருவார். முதல் நாள் பழக்கத்தில் "பிடி" என்று சொல்லியும் விட்டார். எதிர் முனையில் யாரும் இல்லை.

கீழ் வீட்டில் குடியிருந்த தையல்காரம்மா படியில் நின்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மேலே ஏறி வந்து எதிரே நின்றாள்.

"எத்தனை தடவை கூப்பிடறது? காதுல என்ன, ஈயம் வெச்சு அடைச்சிருக்கீங்களா அண்ணே?"

"வேலை செய்யறவனுக்கு வேலைதான் கேக்கும். உன்னை மாதிரி ஊர்வம்புக்கு ஒரு காதைத் திறந்து வைக்க முடியுமா?"

"இருங்க, உங்க சட்டைக்குப் பித்தான் தைக்கறப்ப காட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே எதிர் முனையைப் பிடித்தாள்.

"விடு. இந்த வருஷம் யார் கையும் படக் கூடாது. பந்தயம்."

பதினோராம் நாள் உச்சி வெயிலில் குவியலின் நடுவே கையை விட்டு ஒரு மிளகாயை எடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். சலசலவென்று கேட்டது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் கேட்டது. மேல் தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. டின்களைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தார். அள்ளிப் போடத் தொடங்கியபோது தையல்காரம்மா துணி காயப்போட வந்தாள். ஒரு மிளகாயை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வெயில் காட்டலாமே, அண்ணே."

"என் காது சொல்லிடுச்சு."

"உங்க காதையா..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சரி, உங்க இஷ்டம்" என்று துணியை உதறப் போய்விட்டாள்.

நான்கு டின்னையும் வாய் வரை நிரப்பி மூடியை வைத்து உள்ளங்கையால் தட்டி இறக்கினார். எறும்பு நுழையாது, காற்று நுழையாது. மனைவி படத்தின் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றார்.

ஆறு வாரம் கழித்து மகள் வந்தாள். கதவருகே நான்கு டின்னையும் வரிசையாக நிறுத்தி, அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தைப் பார்வையிட வந்தவர் மாதிரி இருந்தார். பந்தயம் தெரிந்த தையல்காரம்மாவும் ஏறி வந்திருந்தாள்.

"திற" என்றார்.

மகள் கரண்டிக் காம்பை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினாள். மூடி கழன்றது. மூக்கு மட்டும் அவருக்கு நன்றாகவே இருந்தது, அதனால் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரிந்தது. மிளகாயின் நெடி வரவில்லை. மழையில் நனைந்து மூலையில் கிடந்த செருப்பின் வாடை வந்தது. மேலே இருந்தது சிவப்பாகத்தான் இருந்தது. மகள் கையை உள்ளே விட்டு அள்ளினாள். கொழகொழவென்று, சாம்பல் நிறத்தில் பூஞ்சை படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது டின், மூன்றாவது டின், நான்காவது டின். நான்கிலும் அதே கதைதான். காற்றுப் புகாத டின். உள்ளே இருந்த ஈரம் போக வழியில்லாமல் அங்கேயே வியர்த்து, அங்கேயே புழுங்கி, கடைசி மிளகாய் வரை தின்று தீர்த்திருந்தது. அவர் கைவேலை அவ்வளவு சுத்தம்.

"அந்த மண்டிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். "தண்ணி தெளிச்ச மூட்டையைத் தலையில கட்டிட்டான் படுபாவி."

மகள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"காஞ்சிருந்துச்சும்மா. நான் குலுக்கிப் பாத்தேன். ஒண்ணில்ல, ரெண்டு."

மகள் நான்காவது டின்னிலிருந்து ஒரு மிளகாயை எடுத்தாள். அவர் பின்பக்கம் வந்து நின்று, அவர் காதுக்குப் பக்கத்தில் அதை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, குனிந்து சத்தமாகக் கேட்டாள்.

"இது கேக்குதாப்பா?"

கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார். "கணீர்னு கேக்குது. இதோ, சலசலங்குது. இது நல்ல மிளகாய்."

மகள் முன்னால் வந்தாள். மிளகாயை அவர் கண் முன்னே இரண்டாக மடித்தாள். அது ஒடியவில்லை. ஈரத் தோல் மாதிரி மடங்கி, கையை எடுத்ததும் மெல்ல நிமிர்ந்துகொண்டது. அதைத் தரையில் வைத்தாள்.

அவள் கீழே வைத்த பிறகும் அவர் காதில் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

சலசலவென்று அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த மிளகாயும் அதற்குத் தேவைப்படவில்லை. அறையில் யாரும் எதையும் குலுக்கவில்லை. எத்தனை வருஷமாக அது உள்ளே குடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த மிளகாயை எடுத்தாலும் காய்ந்த மிளகாயாகத்தான் கேட்டிருக்கும். கூழாங்கல்லை எடுத்திருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பார்.

"அப்ப போன வருஷங்கள்ல?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "அப்பவும் நான்தானே சொன்னேன்? ஒண்ணுகூடக் கெடலையே?"

மகள் தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. நீங்க அடைக்கலாம்னு சொல்லிட்டு வெளியே போவீங்கல்ல? அக்கா ஒண்ணும் அடைக்க மாட்டாங்க. நானும் அவங்களும் தார்ப்பாயோட இழுத்துக்கிட்டுப் போய்ப் மாடியோட பின்பக்க மூலையில மறுபடி பரப்பிடுவோம். ரெண்டு நாளோ, மூணு நாளோ. கையால ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் அடைப்பாங்க. அதுவரைக்கும் காலி டின்னை மூடி வெச்சு உங்க கண்ல படற மாதிரி வெச்சிருப்பாங்க."

"எத்தனை வருஷமா?"

"எட்டு இருக்கும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க. 'அந்த மனுஷன் நிமிந்து நடக்கறதே இதுலதான்'னு சொல்லுவாங்க."

தகரக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வருஷங்களில் மனைவி எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் அவர் தோளைத் தொடுவாள். முகத்துக்கு நேரே வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறப்பாள். வயதான காலத்தில் ஆசை கூடிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சகாக்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

பந்தயத்தைப் பற்றி மகள் வாயே திறக்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

மிளகாயை எரிக்க முடியாது. எரித்தால் தெருவே இருமிச் சாகும். கீழே போய்ச் சுற்றுச்சுவர் ஓரமாகக் குழி வெட்டினார். நான்கு டின்னையும் ஒவ்வொன்றாகக் கொட்டினார். மகள் மண்வெட்டியை வாங்க வந்தாள், கொடுக்கவில்லை. மண்ணைத் தள்ளி மிதித்தார். டின்களைக் குழாயடியில் கழுவினார். ஒரு டின்னில் ஓர் உள்ளங்கை அளவு தண்ணீர் தங்கியிருந்தது. மூடியைப் போட்டுக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மேலே போய் அலமாரியைத் திறந்து பையை எடுத்தார். நான்கு சட்டை, நான்கு வேட்டி, மனைவியின் படம். சுத்தியலையும் எடுத்து உள்ளே வைத்தார். வைத்துவிட்டு ஏனோ திரும்ப எடுத்து அலமாரிக்குள்ளேயே வைத்தார். சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தார்.

"அண்ணே, அவசரம் இல்லையே. அடுத்த மாசம் போகலாமே."

"சொன்னா சொன்னதுதான். நான் பேச்சு மாறினதா உன் வாழ்நாள்ல கேட்டிருக்கியா?"

குரல் மட்டும் பழைய மாதிரிதான் இருந்தது.

மகள் முன்னால் படி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கழுவிய டின் ஒன்று. அவர் ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பாதியில் நின்று கேட்டார்.

"ஏம்மா, உங்க கட்டிட மாடியில வெயில் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

மகள் திரும்பாமலேயே பதில் சொன்னாள். "அங்க மாடிக்கு யாரையும் விட மாட்டாங்கப்பா. எப்பவும் பூட்டியே இருக்கும்."

அவளுடைய முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. காதில் சலசலவென்று விதை குலுங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்லி முடித்திருப்பாள் என்று நினைத்த இடத்தில் தலையை ஆட்டினார்.

"அது போதும்" என்றார். "அவ்வளவு வெயில் போதும்."