அத்தா விழுங்கிய இரண்டு மாத்திரைகள்

ஈரத்துணியைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது அத்தாவின் நெற்றி. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம்; எனக்குப் பத்து வயது; அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். மாமல்லபுரத்தில் எங்கள் மளிகைக்கடையில் அத்தா வாய் குழறி, வியர்வை வழிய, அரிசி மூட்டைமேல் சாய்ந்தபோது, சாமான் வாங்க வந்தவர்கள் "குடிச்சிட்டு கீறாரு" என்று சிரித்தார்கள். சாராய வாடையே ஆகாத மனிதர் அவர்.

அத்தாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டில் "இனிப்பு நீர்" என்போம். செங்கல்பட்டு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தினமும் காலையில் விழுங்குவார். அந்த வாரம் முட்டிவலி தாங்காமல், பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த பால்ய நண்பர் யூசுப் மாமாவிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "சக்கர மாத்திர போட்டுகினு கீறேன், இத்தயும் சேத்துப் போடலாமா?" என்று மாமா கொடுத்த வலி மாத்திரையைக் காட்டி அத்தா கேட்டதும், "நான்தானே குடுக்கறேன், உனக்கு இன்னாத்துக்கு பயம் மச்சான்?" என்று மாமா சிரித்ததும் நான் காதால் கேட்டவை.

வாடகைக் காரில் செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமாவும் கூட வந்தார். குளுக்கோஸ் ஏற்றி அத்தாவை மீட்ட டாக்டர், அவர் சட்டைப்பையில் இருந்த மாத்திரைகளைப் பார்த்து, "இந்த வலி மாத்திரை சர்க்கரை மாத்திரையோட வேகத்தை ஏத்திடும். ரெண்டும் சேர்ந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கி ஆளையே சாய்ச்சிடும். யார் குடுத்தது?" என்று அதட்டினார்.

"யூசுப் மாமாதான். அத்தா கேட்டுட்டுத்தான் வாங்கனாங்க" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "இவருக்குச் சக்கர இருக்குன்னே எனக்குத் தெரியாது டாக்டர். மாத்திரையும் நான் குடுக்கல. கொழந்த இன்னாவோ உளறுது."

அத்தாவைப் பார்த்தேன். கண் விழித்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மதுராந்தகம் போனப்போ நானே வாங்கனது டாக்டர்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "பெரியவங்க மேல பொய் சொல்லுவியா? மாமாகிட்ட மாப்பு கேளு."

கேட்டேன். மாமா என் தலையைத் தடவ வந்தார், விலகிக்கொண்டேன்.

கடைக்குச் சீல் வைத்துவிட்டால் நண்பரின் குடும்பம் என்ன ஆகும் என்று அத்தா அஞ்சியிருக்கலாம். வளர்ந்தபின் அது எனக்குப் புரிந்தது, புரிந்ததால் ஆறிவிடவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேள்விப்பட்ட அம்மா மட்டும், அன்றிலிருந்து நான் எது சொன்னாலும், "நெசமாவா சொல்ற?" என்று இரண்டாம் முறை கேட்கத் தொடங்கினார்.

மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்குச் சங்கு விற்கிறார்கள். மாமா போய்விட்டார், அத்தாவும் போய்விட்டார். அன்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது உண்மை என்று தெரிந்தவர்கள் இனி யாரும் இல்லை.