ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

ஒவ்வோர் ஆண்டும் ரத்தம் உறைவதைப் பற்றி முதல் வகுப்பு எடுக்க வரும்போது பேராசிரியர் ரமாபாய் கையில் புத்தகம் இருக்காது. மீன் ஏற்றி ஏற்றிப் பழுப்பேறிய ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். அதைக் கொண்டுவந்து மேசை மேல் வைப்பாள். முன்வரிசை மாணவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தட்டும் என்று இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, "இந்தப் பெட்டி என் மானத்த வாங்கின பெட்டி. திருப்பிக் கொடுத்ததும் இதுதான். கதையக் கேளுங்க" என்பாள்.

பெட்டிக்குப் போகும் முன் புளியந்தோப்புக்குப் போக வேண்டும். அங்கே ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில்தான் ரமாபாய் வளர்ந்தாள். அப்பா துரை ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். அம்மா ராஜாத்திக்கு ஒரு வினோதமான உடம்பு. எங்கே லேசாகத் தட்டினாலும் கன்றி நீலம் பாரித்துவிடும். தண்ணீர்க் குடம் இடித்தால் இடுப்பில் ஒன்று, பஸ் கம்பி பட்டால் தோளில் ஒன்று. பத்து நாளைக்குப் போகாது.

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? துரை பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்றுதான். "இல்லக்கா, கொடம் இட்சிச்சி" என்று ராஜாத்தி சொல்லச் சொல்லச் சந்தேகம் வலுத்தது. அடிவாங்கும் பெண்கள் எல்லாருமே குடத்தின் மேல்தானே பழியைப் போடுகிறார்கள்! ஒருநாள் குடியிருப்போர் சங்கத்தில் துரையைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மனைவியை வாடி போடி என்றுகூடப் பேசாத மனிதர். கேட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக் கதவைச் சாத்துவதை நிறுத்திவிட்டார். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பகலிரவாகத் திறந்தே போட்டார். சாரல் அடித்தது, கொசு வந்தது, பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனது. கதவு திறந்தேதான் கிடந்தது. நடைபாதையில் போகிறவர் வருகிறவர் பார்வையெல்லாம் முதுகில் விழ, அந்த வாசலுக்கு நேரே உட்கார்ந்துதான் ரமாபாய் பிளஸ் டூ வரை படித்தாள். நைனா அடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை.

வழி பதினைந்து வருடம் கழித்துக் கிடைத்தது. மருத்துவம் முடித்து, மேல்படிப்பில் ரத்தம் உறைதலைச் சோதிக்கும் பிரிவுக்கு அவள் போன முதல் வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து ரத்தம் எடுத்தாள். வான் வில்லிபிராண்ட் நோய் என்று வந்தது. ரத்தக் குழாயில் கீறல் விழுந்தால் தட்டணுக்களைப் பிடித்து அங்கே ஒட்டவைக்க ஒரு புரதம் உண்டு. அது ராஜாத்திக்கு இருக்க வேண்டிய அளவில் கால்பங்குகூட இல்லை. பிறவியிலேயே வந்த குறை.

ரமாபாய் அந்த ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டினாள். "எங்க நைனா எங்கம்மா மேல கை வெச்சதே இல்ல. இது ரத்தத்துல கீற கோளாறு. படிச்சுப் பாத்துக்கோங்க." சிலர் கண்கலங்கினார்கள், சிலர் டீ கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்ன சங்கத் தலைவர் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ரமாபாய் படியிறங்கிய நடையைப் பார்த்திருக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவில்கூட அவள் அப்படி நடக்கவில்லை.

ஆனாலும் துரை கதவைச் சாத்தவில்லை. மகள் திருவொற்றியூரில் வீடு பார்த்துக் கூட்டிவந்த பிறகும் அங்கேயும் திறந்தே போட்டார். பழகிவிட்டது என்றார்.

பிறகு அதுவே அவளுடைய துறை ஆயிற்று. கூடப் படித்தவர்கள் நல்ல வருமானம் வரும் பக்கமாகப் பிரிந்தார்கள். ரமாபாய் வடசென்னையிலேயே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினாள், சோதனைக்கூடம் நடத்தினாள், ஆராய்ச்சி செய்தாள். ஆண் குழந்தைக்கு ரத்தம் நிற்கவில்லை என்றால் ஊரே பதறுகிறது. பெண்ணுக்கு மாதாமாதம் பத்து நாள் கொட்டினால் "பொம்பளன்னா அப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் அவளுக்கு இருந்த கோபம்தான் பதினாறு வருட ஆராய்ச்சியாக விளைந்தது என்று சொன்னால் மிகையில்லை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அவள் வந்ததும் அப்படித்தான். மீன் வெட்டும் பெண்களுக்கு விரலில் தினம் ஒரு கீறலாவது விழும். யாருக்கு ரத்தம் சட்டென்று நிற்கிறது, யாருக்கு நிற்பதில்லை என்பது அவர்களுக்கே அத்துப்படி. சீக்கிரம் நிற்காது என்று நாற்பத்தேழு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அவர்களைத் திரட்டிக் கொடுத்தவள் ஞானசெல்வி. மீன் வெட்டும் வரிசைக்கே தலைவி மாதிரி. அவள் குரல் எழுந்தால் ஏலக்காரரே ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்பார்.

வாரத்தில் இரண்டு நாள் காலையில் நர்ஸ் ஒருத்தி போய் நீல மூடிக் குழாய்களில் ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடுவாள். குழாய்களைத் தன் தெர்மாகோல் மீன் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, வியாபாரம் முடிந்த பிறகு ஆட்டோக்காரர் தாமஸிடம் ஒப்படைப்பது ஞானசெல்வியின் பொறுப்பு. ஒருநாள் தவறவில்லை, ஒரு குழாய் உடையவில்லை.

நாற்பத்தேழு பேரில் பதினெட்டுப் பேருக்கு அந்தப் புரதம் குறைவு என்று வந்தது. பதினெட்டு! உலகத்தில் எங்கும் இல்லாத கணக்கு. சென்னையில் நடக்கவிருந்த தேசிய மாநாட்டில் பெரிய அரங்கிலேயே பேச அழைத்தார்கள். பேராசிரியர் பதவி உயர்வும் அந்தக் கட்டுரைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பதினெட்டில் ஒருத்தி வேம்பு. முப்பத்தெட்டு வயது. மாதம் பதினோரு நாள் போக்கு. சோகை பிடித்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஓர் ஆஸ்பத்திரியில் தேதி குறித்துவிட்டார்கள். ரமாபாய் தன் ரிப்போர்ட்டைக் காட்டி அந்த ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்திருந்தாள்.

மாநாட்டுக்கு முந்தைய திங்கட்கிழமை, வஞ்சிரம் வாங்கப் போன இடத்தில்தான் குட்டு உடைந்தது.

"இன்னா டாக்டரு, பேப்பர்ல பேரு வந்துகீதாமே" என்று வரவேற்றாள் ஞானசெல்வி. மாநாட்டுக்காரர்கள் முன்கூட்டியே கொடுத்த செய்தி அது. "எல்லாம் நான் சரக்க அனுப்புன ஷோக்குதான். ஒரு நாளு கெட்டுச்சா சொல்லு?"

"கெடவே இல்ல செல்விக்கா. எப்படி அவ்ளோ பத்திரமா வெச்சிருந்தீங்க?"

"அத்த இன்னா கேக்குற? ஐஸு போடாம உட்ருவனா! கவர்ல ஐஸக் கொட்டி அடியில போட்டு, மேல உன் ட்யூப அடுக்கி, அதுமேல இன்னொரு கவர் ஐஸு. நாலு மணி நேரம் கல்லு மாதிரி சில்லுனு கெடக்கும். அப்பால காலேஜ் கேட்டாண்ட தாமஸு ஐஸக் கீய கொட்டிட்டு, ட்யூப துணில தொடச்சிட்டுத்தான் உள்ள குடுப்பான். மீன் தண்ணி சொட்டுனா உனுக்குத்தான கெட்ட பேரு?"

ரமாபாய் வாங்கிய மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

வேறு பல சோதனைகளுக்கான ரத்தத்தை ஐஸில் வைக்கலாம், இந்தச் சோதனைக்கான ரத்தத்தை வைக்கவே கூடாது. குளிரில் அந்தப் புரதம் தட்டணுக்களோடு ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். மேலே தெளியும் நீரில் தேடினால் குறைவாகத்தான் தெரியும். எல்லார் ரத்தத்திலும் ஒரே அளவில் நடக்காது, நடந்துவிட்டால் நல்ல ஆரோக்கியமானவள்கூட நோயாளி ஆகிவிடுவாள். இது சோதனைக்கூடத்தில் துடைப்பம் பிடிக்கிறவருக்குக்கூடத் தெரியும், ரமாபாய் அத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நர்ஸிடம் சொன்னாள், மாணவர்களிடம் சொன்னாள், சுவரில் எழுதி ஒட்டினாள். பெட்டியைக் கையில் வைத்திருந்தவளிடம் சொல்லவில்லை. ஐஸ் இல்லாமல் எதுவும் நகராத ஊரில் குழாய்களைக் கொடுத்துவிட்டு, ஐஸ் வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வந்திருக்கிறாள்.

மறுநாள் தன் கையிலிருந்தே இரண்டு குழாய் ரத்தம் எடுத்தாள். அம்மாவின் குறை அவளுக்கு வரவில்லை என்று முன்பே பார்த்தாயிற்று. ஒன்றை மேசை மேல் வைத்தாள், இன்னொன்றை ஐஸில் வைத்தாள். நாலு மணி நேரம் கழித்துச் சோதித்தால் மேசை மேல் இருந்ததில் தொண்ணூற்றிரண்டு சதவீதம், ஐஸில் இருந்ததில் முப்பத்தெட்டு. ஒரே உடம்பு, ஒரே ஊசி. அதில் ஒரு ரமாபாய் நோயாளி.

துறையில் ஒரு மூத்தவர், கெட்ட மனிதர் அல்ல, அக்கறையோடுதான் சொன்னார்: "உடம்பு சரியில்லன்னு மாநாட்டுக்குப் போகாம இருந்துடும்மா. ஆறு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. உன் பேராவது மிஞ்சும்."

அவள் பெயர் மிஞ்சும், சரி. செய்தி வந்த நாலு நாளில் அந்தப் பதினெட்டில் ஒருத்தியின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், ரத்தமே சரியில்லாத குடும்பமாமே என்று நின்றுவிட்டார்கள். பொய்ப் பெயர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதை யாரும் ரமாபாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் சின்ன வயது முழுக்க அதைப் பார்த்தே வளர்ந்தவள்.

இன்னொரு கவலை அதைவிடப் பெரியது. வேம்புவின் ரிப்போர்ட்டும் இப்போது செல்லாது. ஆபரேஷன் வேண்டாம் என்று எதை வைத்துச் சொல்வது? நிஜமாகவே அவளுக்குக் குறை இருந்து, தெரியாமல் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும்.

புதன்கிழமை காலை ரமாபாய் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தையே தாமஸின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனாள். வலை வைக்கும் ஷெட்டில் மின்சாரம் வாங்கினாள். நடந்ததை ஒளிக்காமல் ஞானசெல்வியிடம் சொன்னாள்.

ஞானசெல்வியின் முகம் செத்துப்போயிற்று. "என்னாலயா டாக்டரு இம்மாம் பேஜாரு? நல்லதுன்னு நென்ச்சுத்தான..."

"உங்களால இல்லக்கா. நான் சொல்லல. சொல்லிருந்தா நீங்க செஞ்சிருப்பீங்க."

ஞானசெல்வி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். அரை மணியில் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். அந்த ஷெட்டுக்கு இருபது அடி சுற்றுவட்டத்தில் ஐஸ் கட்டி ஒன்றும் வரக் கூடாது என்று அவள் போட்ட சத்தத்தில், ஐஸ் வண்டிக்காரர் வழியை மாற்றிக்கொண்டு போனார். எடுத்த ரத்தத்தை ரமாபாய் அங்கேயே சுழற்றிப் பிரித்துக் கொண்டுபோனாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. பதினெட்டில் பதினாலு பேர் ஆரோக்கியமானவர்கள். நாலு பேருக்குத்தான் உண்மையில் குறை. அந்த நாலில் வேம்புவும் ஒருத்தி, அவளுக்கு இருபத்திரண்டு சதவீதம்.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு ரமாபாய் சோதனைக்கூடத்தில் தனியாக நின்றாள். பதினெட்டு நாலாகிப் போனதில் அவளுக்கு வருத்தமே வரவில்லை. அம்மாவின் ரிப்போர்ட் வந்த நாளுக்குப் பிறகு, தன் படிப்பை நினைத்து அவ்வளவு பெருமையாக அவள் உணர்ந்தது அன்றுதான். வேம்புவுக்குக் கத்தி வேண்டாம், மாத்திரை போதும். மாதத்தில் அஞ்சு நாள் அதை விழுங்கினால் சரி.

சனிக்கிழமை மாநாட்டில் அவள் மேடையேறி முதல் வாக்கியமாகவே, "நான் உங்களுக்கு அனுப்பிய கட்டுரை தவறு" என்றாள். ஐஸ் கதையைச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "அப்ப மீன்காரி செஞ்ச தப்புக்கு நீங்க மன்னிப்புக் கேக்கறீங்க?" என்றார்.

"மீன்காரி அவங்க தொழிலச் சரியாச் செஞ்சாங்க. நான் என் தொழிலச் செய்யல" என்றாள் ரமாபாய். "படிச்சவங்க அத்தனை பேருக்கும் சொன்னேன். பெட்டிய வெச்சிருந்தவங்களுக்குச் சொல்லல. உங்க ஊர்லயும் யார் கையில பெட்டி இருக்குன்னு போய்ப் பாருங்க." பிறகு பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பி, அந்தப் பதினாலு பேருக்கும் எந்த நோயும் இல்லை, அதை முன்பு போட்ட அதே அளவில் போடுங்கள் என்றாள்.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் நீளமாக வந்தது. பேராசிரியர் பதவி இரண்டு வருடம் தள்ளிப்போனது. வந்தது, ஐஸ் புழங்கும் இடங்களில் ரத்தம் எடுப்பது எப்படி என்று அவள் எழுதிய கட்டுரைக்காக. அதில் இரண்டாவது ஆசிரியர் பெயர் ஞானசெல்வி, மீன் வெட்டும் பகுதி, காசிமேடு.

அதெல்லாம் பிற்பாடு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ரமாபாய் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தபோது துரை வழக்கம்போலத் திறந்த வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். 

"அத்தினி பேரு எதிர்ல சொல்லிட்டியா, தப்புன்னு?"

"சொல்லிட்டேன் நைனா."

துரை, "என்னாண்ட ஒருத்தனும் அப்டி வந்து சொல்லல கண்ணு" என்றார். "பதினாலு வூட்ல இன்னிக்கு கதவ சாத்திகினு நிம்மதியா தூங்குவாங்க."

மேடையில் அழாத ரமாபாய் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா தடுக்கவில்லை.