தைக்காமல் விட்ட கடைசித் தாள்கள்

கதை வாசிப்பது என்றாலே அந்த வயதில் எனக்கு வேப்பங்காய். கோச்சடையில் எங்கள் வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் ஐந்தாம் வகுப்புப் படித்த நான் ஒருத்திதான். அதனால் வந்த வினை. அப்பாவின் தங்கை, என் அத்தை, சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்காமல் சுவரில் சாய்ந்துவிடுவாள்.

"எம்புட்டு அலுப்பா இருந்தாலும் ரெண்டு பக்கம் கேட்டாத்தான்டி சோறு எறங்குது" என்பாள். வெளியே பாண்டி ஆடக் கூப்பிடுவார்கள். நான் கொட்டாவி விட்டபடி படிப்பேன்.

அது பத்திரிகையில் வந்த தொடர்கதை. தெருவில் யாராவது ஒருவர் வாங்குவார். கதை முடிந்ததும் அந்தத் தாள்களை மட்டும் கிழித்துத் தைத்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கப்பலேறிப் போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. அத்தையின் புருஷன், எங்கள் மாமாவும், ரங்கூனில்தான் இருந்தார். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து கடிதமே இல்லை. தபால்காரர் தலையைக் கண்டால் அத்தை தெருமுனைக்கே போய்விடுவாள்.

எங்களிடம் வந்த தாள்கட்டில் கடைசித் தாள்கள் இல்லை. தைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். சொன்னால், தேடிவர என்னைத்தான் தெருத்தெருவாக விரட்டுவாள். விட்டது சனியன் என்று நானே முடித்துவிட்டேன்: கப்பல் கவிழ்ந்தது, புருஷன் செத்தான், முற்றும்.

அத்தை எழுந்து போய் முகம் கழுவினாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தபால்காரர் வந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா அந்தத் தாள்களைக் கொண்டுவந்தாள். படித்தால், அவன் சாகவே இல்லை! காட்டு வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்துவிட்டான். அத்தையிடம் ஓடி, ஓர் எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன்.

அவள் என் தலையைத் தடவினாள். "எனக்காக இம்புட்டு இட்டுக்கட்டிப் படிக்கிறியே தாயி. போதும். போய் வெளாடு."

"சத்தியமா இதுலயே இருக்கு அத்தே!" என்று தாளை நீட்டினேன். வாங்கி, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளதைப் படித்தும் நம்பவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை நாளும் அவளுக்கு வந்துகொண்டிருந்த ஒரே கடிதம் அந்தக் கதைதான் என்பது எனக்குத் தெரியவில்லை. இனிமேல் வாசிக்கச் சொல்ல மாட்டாள் என்பது மட்டும் புரிந்தது. பாண்டி ஆட ஓடினேன்.