நாங்களே கலக்கிய கழிவுநீர்

தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுப்பதில் நான் நிபுணன். என் அறைக் கதவில் பதினெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் எழுதியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அதையும் எழுதக் கதவில் இடமில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவே எங்கள் பொறியியல் கல்லூரி. பக்கத்தில் தோல் பதனிடும் ஆலை கிடையாது, முலாம் பூசும் பட்டறை கிடையாது. கழிவுநீர் வேண்டுமென்றால் நாங்களேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும். வேதிப்பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் குரோமியம் உள்ள ஆரஞ்சு நிற உப்பை வாங்கிவந்து, காய்ச்சி வடித்த சுத்தமான நீரில் கரைப்பார்கள். அதில் கருவேலங்கரியைப் பொடித்துப் போட்டுக் குலுக்கினால் குரோமியம் கரியில் ஒட்டிக்கொள்ளும். உடனே ஒரு வரைபடம், ஓர் ஆய்வறிக்கை, அதற்குக் கெட்டி அட்டை. நல்ல தண்ணீரைக் கெடுத்து, அதைப் பாதி நல்லதாக்கியவர்களுக்குப் பட்டம் கொடுத்து அனுப்புவோம்.

போன ஆண்டு எங்கள் துறையின் இறுதியாண்டில் மிஞ்சியது நான்கு பேர். அதில் ஒருத்தி மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அவள் சோதனை செய்த அன்றைக்குக் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனது. அடுத்த கேன் விருதுநகரிலிருந்து வரவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் குரோமியமே இல்லாத தண்ணீர் கொஞ்சம் தேவை. கல்லூரிச் சுவருக்குப் பின்னால் இருந்த கிணற்றில் போய் ஒரு பாட்டில் பிடித்து வந்தாள்.

அந்த வட்டாரத்தில் உப்புக் கரிக்காத ஒரே கிணறு அது. கல்லூரிக்கு நிலம் கொடுத்த சம்சாரி, கிணற்றையும் அதை ஒட்டிய மூன்று ஏக்கரையும் மட்டும் தன் விவசாயத்துக்கென்று கொடுக்காமல் வைத்துக்கொண்டார். அவர் வீடும், மாடும், மிளகாய்ச் செடிகளும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

குரோமியம் இருந்தால் தண்ணீரைக் கத்தரிப்பூ நிறமாக்குகிற மருந்து ஒன்று உண்டு. அதை ஊற்றியவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், கலர் வருது சார்."

"வரத்தானம்மா செய்யும்."

"கெணத்துத் தண்ணியில வருது சார்."

"பாட்டில ஒழுங்காக் கழுவியிருக்க மாட்ட."

தப்பு அடுத்தவர் பாட்டிலில்தான் இருக்கும் என்பது படித்தவனுக்கு முதலில் தோன்றுகிற உண்மை. கழுவிவிட்டு மறுபடி செய்தாள். நிறம் வந்தது. மூன்றாவது தடவை நானே பாட்டிலைக் கழுவி, நானே பிடித்துவந்து, நானே ஊற்றினேன். வெளிறிய கத்தரிப்பூ நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"சார், நம்ம சிங்க்குத் தண்ணி எங்க சார் போகுது?"

சோதனை முடிந்த மிச்சம், கண்ணாடிக் குடுவை கழுவுகிற குரோமிய அமிலம், குரோமியம் ஒட்டிய கரி எல்லாவற்றையும் பதினெட்டு ஆண்டுகளாக அதில்தான் ஊற்றினோம். குழாய் வெளியே, தண்ணீரை மண்ணில் இறங்கவிடுகிற ஓர் உறைகுழிக்குப் போகிறது. உறைகுழியிலிருந்து கிணற்றுக்கு நாற்பது காலடி. அன்று மாலை எண்ணிப் பார்த்தேன்.

"அதெல்லாம் ரிப்போர்ட்ல வேணாம்மா. கேன் வந்ததும் அதை வச்சு எழுதிரு."

"எழுதிர்றேன் சார். அந்த ஐயாகிட்ட யாரு சார் சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். சொல்ல ஒன்பது நாள் ஆனது. முதலில் கல்லூரி முதல்வரிடம் போனேன். "அட்மிஷன் நேரம் சார், வாயத் தொறந்துறாதீங்க" என்றார். திரும்பி வந்து கிணற்றுத் தண்ணீரில் என் கரியைப் போட்டுக் குலுக்கினேன். நிறம் அப்படியே நின்றது. ஆய்வகத்தில் தண்ணீரை முதலில் ஆசிட் ஊற்றிப் புளிப்பாக்கிவிட்டுத்தான் கரியைப் போடுவோம். என் கண்டுபிடிப்பு வேலை செய்ய வேண்டுமானால் அந்தக் கிணற்றில் ஆசிட் ஊற்ற வேண்டும்.

பத்தாம் நாள் போனேன். அவர் மாட்டுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். வெயில்ல வாரீகளே, தண்ணி தரவா?"

"வேணாம் அண்ணாச்சி. தண்ணியப் பத்தித்தான் பேச வந்தேன்."

பாதி இங்கிலீஷில் ஒளிந்துகொண்டே சொல்லி முடித்தேன்.

"வெசமா சார்?"

"உடனே ஒண்ணும் பண்ணாது. நாள்பட்டாத்தான்."

"நாள்பட்டுத்தான குடிச்சுக்கிட்டிருக்கோம். எங்கிட்டிருந்து வந்துச்சு?"

என் கை வகுப்பில் கரும்பலகையைக் காட்டுவதுபோலச் சுவரைக் காட்டியது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலே என்று கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி சார். இதை எடுக்குற படிப்புத்தான நீங்க சொல்லிக் குடுக்குறீக? எடுத்துக் குடுத்துருங்க."

"இதுல எடுக்க முடியாது அண்ணாச்சி."

"இத்தனை வருசமா புள்ளைக எல்லாம் எதுல எடுத்துச்சு?"

"அது வேற தண்ணி."

"அதுல யாரு கலந்தா?"

"நாங்கதான்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் மோட்டாரைக் கழற்றி, கிணற்றின் வாயை முள் வெட்டிப் போட்டு மூடினார். மிளகாய்ச் செடி பூவோடு காய்ந்தது. இந்த ஆண்டு எங்கள் துறையில் ஒருவர்கூடச் சேரவில்லை, துறையை மூடிவிட்டார்கள். உலோகம் தண்ணீரில் கலக்காமல் தடுக்க நான் அறிந்த முறைகளில் பலன் தந்தது இது ஒன்றுதான். என்னை முதலாண்டுக்கு வேதியியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து மோட்டார் பைக்கில் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறார். மாட்டுக்கு மட்டும் பழக்கம் போகவில்லை. அவிழ்த்துவிட்டால் கிணற்றடியில் போய் நின்றுகொள்கிறது. நேற்று அதை ஓட்டிப்போக வந்தவர் சுவருக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டார்.

"எம் மகன் காலத்துலயாவது சரியாயிருமா சார்?"

"தெரியலை அண்ணாச்சி."

சரி என்று தலையாட்டிவிட்டு, மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.