இரத்தப் பெட்டியும் கோப்பிக் கடையும்

மோர்னிங்சைட் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது அப்போது என் வேலை. அந்தக் குளிர்காலத்தில் நான் கொண்டுபோன இரத்தத்தில் மட்டும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டியது. இதயத்துக்கு ஆபத்து என்று அதை நம்பி ஒரு கிழவரை வீணாக எமேர்ஜென்சிக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் தேட, ஆய்வுகூடத்தில் தரம் பார்க்கும் பெண் என் காரில் ஏறினார். மெலிந்தவர், ஆண்கள் போடும் தடித்த ஜக்கெற். எதைச் சொன்னாலும் "பிறகு?" என்பார்.

"என்னைப் பிடிச்சுக் குடுக்கத்தானே வந்தனீங்கள்?" என்றேன்.

"இல்லை அண்ணை. பெட்டியை எடுப்பியள். பிறகு?"

"நேர ஆய்வுகூடத்துக்கு வருவன்."

"பிறகு?"

"அதுதான் வந்திட்டனே!"

கோப்பிக் கடை வந்தது. பழக்கத்தில் காரை அதன் வாசலுக்குத் திருப்பிவிட்டேன்.

"ஓம், இருபது நிமிஷம் உள்ளுக்க இருந்து கோப்பி குடிக்கிறனான். பெட்டி காருக்க குளிரில கிடக்கும். எழுதுங்கோ!"

"குளிர்ந்தா பொட்டாசியம் பிழையாக் காட்டும் எண்டு ஆராவது சொன்னவையோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

'ஓட்டுநருக்குச் சொல்லப்படவில்லை' என்று எழுதினார். என் பெயரை எழுதவில்லை. அடுத்த கிழமை எங்கள் எல்லோருக்கும் குளிர் தாங்கும் பெட்டி வந்தது.

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். இப்போது அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம், நான் கண்டேயிராத அந்தக் கிழவர்தான் நினைவில் வருகிறார்.