மாறாத பதிலின் பேராசிரியர்

பேராசிரியர் கோதண்டம் காலமான செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. உடனே ஆளாளுக்கு 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற ஒரே வரியை அனுப்ப ஆரம்பித்தார்கள். சார் பார்த்திருந்தால் பூரித்திருப்பார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மை என்று நம்பியே வாழ்ந்து முடித்தவர்.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தப் பழவேற்காடு ஆய்வு நினைவிருக்கும். மீனவர்களின் முன்னேறும் ஊக்கத்தை அளக்கப்போவதாகச் சொல்லி, உதவியாளரான என்னையும் கூட்டிக்கொண்டு, ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் கிராமத்துக்குப் படகேறினார். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. ஊர்ப் பெண்கள் குழு, பிடித்த இறால் கெடாமல் வைக்க ஓர் ஐஸ் அறை கேட்டிருந்தது. சாரின் அறிக்கையைப் பார்த்துத்தான் கொடுப்பதா வேண்டாமா என்று அதிகாரிகள் முடிவெடுப்பதாக இருந்தார்கள்.

"வாய்ப்பிருந்தா தினமும் தொழிலுக்குப் போவீங்களா?" என்று ஒரு மீனவரிடம் கேட்டார் சார்.

"எம் பாடு வர்ற அன்னிக்கித்தான் சார் போவேன்."

"பக்கத்து ஆளைவிட அதிகமாப் பிடிக்க ஆசை இல்லையா?"

"இன்னா சார், அவன் பாட்டுல நான் வலை போட்டா ஊரு சும்மா வுடுமா?"

ஏரியில் இறால் விழும் இடங்களில் முறைவைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைதான் பாடு. அதை நான் விளக்கியபோது, "எல்லாம் சாக்குப்போக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஊக்கத்துக்கு நேராகச் சுழியம் போட்டார். நுனிப்புல் மேய்வதற்கு இவ்வளவு தூரம் படகில் வந்திருக்க வேண்டியதில்லை.

சில வாரம் கழித்து மறுபடி போய் அதே கேள்விகளைக் கேட்டார். குழுத் தலைவி தேவகிக்குப் பொறுக்கவில்லை. "மொத தபா சொன்னது காதுல வுழலையா சார்?" என்றாள். பதில்கள் துளியும் மாறவில்லை. சாருக்கு வாயெல்லாம் பல். "மாறாத பதில் பொய் சொல்லாதும்மா" என்றார். "கள்ளத்தராசும் தினமும் ஒரே எடையைத்தான் சார் காட்டும்" என்றேன். "மீன்காரிங்களோட சேர்ந்து உனக்கும் வாய் நீண்டுபோச்சு" என்று சிரித்தார்.

அவர் ஒரு பதிலைக்கூடத் திருத்தி எழுதியவர் அல்ல. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். நேர்மையாகவே, 'இவ்வூராரிடம் முன்னேறும் ஊக்கம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். ஐஸ் அறை வேறோர் ஊருக்குப் போனது. சாருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. தேவகியும் மற்றவர்களும் இன்றும், இறால் கெடுவதற்குள் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

செய்தியைச் சொல்ல தேவகிக்குப் போன் செய்தேன்.

"கேட்டதையே கேட்டாரே, அவரா? பாவம்" என்றாள். பிறகு, "அந்த ஐஸ் ரூமு சமாச்சாரம் இனிமேலாவது நடக்குமா மேடம்?" என்று கேட்டாள்.

சாரின் புத்தகங்களை யாரோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்று இருப்பது பசியாவரத்தில் ஐஸ் அறைக்கென்று ஒதுக்கியிருந்த அந்தக் காலி மணல் மனைதான். ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களை அங்கே நிறுத்தித்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்: "இங்கே ஓர் ஐஸ் அறை இருந்திருக்க வேண்டும். கோதண்டம் சார் அளந்தார். அதனால் இல்லை."