ஊசி மாற்றிய குரல்

நோயை அடக்குகிற மருந்து ஒரு பெண்ணுக்கு மீசையை ஏன் கொடுக்க வேண்டும்? 1969இல் சாலம்மாள் பெரியம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார்.

பெரியம்மா பொம்மிடிப் பக்கம் கடலைக்காட்டில் கூலி வேலை செய்தவர். பெரியப்பா இறந்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் சிலுவையில் இறந்த மகனுக்காக மாதா அழும் புலம்பல் பாட்டைப் பெண்கள் பக்கம் எடுத்துக் கொடுப்பது அவர்தான். மார்பில் வந்த புற்றுநோயை வேலூரில் அறுத்து எடுத்தார்கள். பிறகு அது இடுப்பெலும்புக்குப் பரவியது. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். ஆண்களின் உடம்பில் இயல்பாகச் சுரப்பதைத்தான் மருந்தாக ஏற்றுகிறார்களாம். எங்கள் ஊர்க் கம்பவுண்டர் போட்டுவிட்டார்.

வலி குறைந்து, மறுபடி தண்ணீர்க் குடம் தூக்கினார். ஆனால் மேலுதட்டில் முடி கருத்தது, குரல் தடித்து இறங்கியது. கடைக்காரர் பச்சியப்பன் குரலை மட்டும் கேட்டு, தலை நிமிராமலே, "என்ன வேணுங்க அண்ணா?" என்றாராம். அங்கே சிரித்துவிட்டு வந்து என்னிடம் அழுதார். நல்ல மருந்தா, கெட்ட மருந்தா என்று எனக்குக் குழம்பியது.

பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலம் வந்ததும் பெரியம்மா ஊசியை நிறுத்தினார். புலம்பல் பாடுவதற்குள் பழைய குரல் வந்துவிடும் என்று நினைத்தார். குரல் வரவில்லை, வலிதான் வந்தது. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார். வேலூருக்கு அழைத்துப் போனேன்.

"ஊசிய நிறுத்துனா பழைய குரல் வருங்களா?"

"பெரும்பாலும் வராதும்மா. ஊசியும் நோயத் தீர்க்காது. வலிய கொஞ்ச காலம் அடக்கி வைக்கும்."

திரும்பும் ரயில் மொரப்பூர் தாண்டிய பிறகு, "வராத கொரலுக்காக வலிய எதுக்குச் சொமக்கணும் கண்ணு? எறங்குனதும் கம்பவுண்டர் வூட்ல இருக்காரான்னு பாரு" என்றார்.

பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில், கொழுந்தன் முறையுள்ள பிலவேந்திரன் சீண்டினார்: "எங்க பக்கம் வந்துடுங்க அண்ணி, ஆளு பத்தல."

"மொதல்ல நீ சுருதியோட பாடு, அப்பறம் பாக்கலாம்."

பெண்கள் பக்கமே உட்கார்ந்து, அந்தத் தடித்த குரலில் எடுத்தார். முதல் அடியில் மற்றப் பெண்கள் தடுமாறினார்கள். பிறகு அவருடைய சுருதிக்கு இறங்கி வந்தார்கள். அது நன்றாக இருந்ததா என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடமும் பாடினார். அதற்கடுத்த வருடம் அவர் இல்லை.

இப்படி ஊசி போட்டுக்கொண்டு, உடம்பு மாறுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவர்களுக்குப் பெரியம்மாவின் கதையைச் சொல்லுங்கள். நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.